மார்கழியில் பிறந்தகம் வரும் பெண்

வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய பகல்பத்து விழாவின் முதல் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், மணாளன் ரெங்கமன்னாரோடு தன் பிறந்த வீட்டுக்கு எழுந்தருளுகிறாள். அவள் தந்தை பெரியாழ்வாரின் வம்சத்தாராகப் போற்றப்படும் வேதபிரான் பட்டரின் திருமாளிகைதான் அந்த வீடு. வாசலிலே கத்திரியும் வாழைக்காயும் பூசணியும் கரும்பும் என்று காய்கறிகள் குவியல் குவியலாகப் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். இதற்குப் பச்சை பரத்தல் என்று பெயர். பச்சை பரப்புதல் என்றும் சொல்வார்கள். வந்த பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் திரட்டுப்பாலும், கொண்டைக்கடலையோடு இனிப்புச் சேர்த்த மணிப்பருப்பும் படைக்கப்படும். வைகுண்ட ஏகாதசி எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்து இந்த நாள் டிசம்பர் நடுவிலோ கடைசியிலோ வரும். பருவமழை ஓய்ந்து, மேற்கு மலையிலிருந்து குளிர் இறங்கும் காலம் அது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு தாய்வீடு வந்து சேர்வதும் இதே நாட்களில்தான்.

இந்தச் சடங்கு ஒரு பழைய கேள்வியை எழுப்புகிறது. எல்லாம் உடையது கடவுள் என்றால், அதற்கு ஒரு வீட்டுக்கு வரவேண்டிய தேவை என்ன? வந்தாலும், கத்திரிக்காயைக் காட்டி அதை வரவேற்பதற்கு என்ன பொருள்? சமயங்கள் பெரும்பாலும் மனிதனைக் கடவுளின் வாசலில் நிறுத்துகின்றன. இங்கே கடவுள் மனிதனின் வாசலில் நிற்கிறது.

விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்லும் மரபு இந்தியாவெங்கும் உண்டு. தைத்திரீய உபநிடதம் கல்வி முடித்துப் புறப்படும் மாணவனுக்குத் தரும் அறிவுரைகளில் அது ஒன்று. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் பச்சை பரத்தலை விருந்தோம்பல் என்று சொல்லிவிட முடியாது. விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றை விருந்து என்று அழைப்பது, புதிதாகப் புனைவது என்ற பொருளில்தான். அறியாத முகமாக வாசலில் வந்து நிற்பவரே விருந்தினர். பிறந்தகம் வரும் பெண் யாருக்கும் புதியவள் இல்லை. அவளுக்கு அந்த வீட்டில் உரிமை இருக்கிறது. அடுக்களை எங்கே, கிணறு எங்கே என்று தெரியும். விருந்தினருக்குச் சமைத்துப் பரிமாறுவார்கள். வீட்டுப் பெண்ணிடம், "இவ்வளவும் உனக்காக வாங்கி வைத்திருக்கிறது, பார்" என்று பச்சைக் காய்கறியையே காட்ட முடியும். சமைக்காத காயைப் பரப்பி வைப்பதன் அழகு அங்கேதான் இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடியாத உறவு அது, இனி வரும் நாட்களுக்கெல்லாம் சேர்த்து வைத்த காய் அது என்று இந்தச் சடங்கைப் படிக்கலாம்.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பது அடுத்து எழும் கேள்வி. ஆண்டாள் பெரியாழ்வாருக்குப் பிறந்த பெண் இல்லை. ஊர்ப் பெருமாள் வடபத்ரசாயிக்கு மாலை தொடுப்பதற்காக விஷ்ணுசித்தர் என்கிற பெரியாழ்வார் வளர்த்த நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றே மரபு சொல்கிறது. அந்த இடம் இன்றும் கோயிலுக்கு அருகே நந்தவனமாக இருக்கிறது. அதாவது, இவளும் ஒரு நாள் விருந்தாக வந்தவள்தான். கோதை என்று பெயரிட்டு, வளர்த்து, தமிழ் சொல்லிக் கொடுத்ததால் மகளானாள். பிறந்தகம் என்று ஊர் சொல்லும் வீடு உண்மையில் வளர்ந்தகம். இந்த உறவுக்குப் பேணுதலே மூலம், இரத்தம் மூலமில்லை. இதைக் கவனிக்காமல் போனால் சடங்கின் பாதிப் பொருள் கைநழுவிவிடும். அழைக்கும் உரிமை பரம்பரையாக ஒரு குடும்பத்திடம் இருப்பது உண்மை. அந்த உரிமைக்கு அடிப்படையான கதையோ, செடியடியில் கிடந்த பிள்ளையை எடுத்து வளர்த்தவனின் கதை. அத்தகைய அன்பு யார் நெஞ்சிலும் முளைக்கக்கூடியது.

பெரியாழ்வாரின் வீடு விருந்துக்குப் பேர்போன வீடு என்பதைத் தெலுங்கிலக்கியமும் பதிவு செய்திருக்கிறது. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதா, சூடிக் கொடுத்தவளான ஆண்டாளின் கதை. அதில் விஷ்ணுசித்தர் தம்மைத் தேடி வரும் வைணவர்களுக்குப் பருவத்துக்கு ஏற்ப உணவிடும் பகுதி தனி அழகு கொண்டது. அடைமழைக் காலத்தில், சமைக்கும் மனைவியின் கண்ணில் புகை ஏறாதபடி தேங்காய் ஓட்டை எரித்து, சோறும் பருப்பும் நாலைந்து வறுவலும் வற்றலும் தயிரும். கோடையில் வெதுவெதுப்பான சோறு, சாறு, மோர், இளநீர், பழங்கள். பனிக்காலத்தில் மணக்கும் அரிசிச் சோறு, மிளகுக் காரம் ஏறிய கறிகள், கடுகு சுள்ளென்று ஏறும் பச்சடி, ஊறுகாய், பாயசம், சூடான நெய், பால். ஒரு பேரரசர் தெற்குக் கோடியில் ஒரு பூக்கட்டியின் அடுக்களைப் புகையை நினைத்துப் பார்த்திருக்கிறார். பக்தியை விளக்க அவர் தேர்ந்தெடுத்தவை தத்துவ வாதங்கள் மட்டுமில்லை. குளிரில் நடந்து வந்தவனுக்கு எது இதமாக இருக்கும் என்று யோசிக்கிற மனத்தையும் அவர் பக்தியின் இலக்கணமாகவே வைத்தார்.

அந்தத் தெலுங்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்தில் இன்றும் வீட்டு மொழி. விஜயநகர ஆட்சி தெற்கே பரவிய காலத்தையொட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் அந்த ஊருக்குத் தங்கள் பெயரையே கொடுத்தார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசுவாமி ராஜா அந்த ஊர்க்காரர். வந்தவர் ஊர்க்காரராவதற்கு ராஜபாளையத்தை விட நல்ல சான்று அக்கம்பக்கத்தில் கிடையாது.

இனி, பெண்ணை வளர்த்த அந்தத் தகப்பனிடம் வரலாம். மதுரையில் வல்லபதேவ பாண்டியனின் சபையில் பரதத்துவம் எதுவென்று நிலைநாட்டிப் பொற்கிழி பெற்ற விஷ்ணுசித்தரை, அரசன் யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். அதைக் காணப் பெருமாளே கருடன்மேல் வானில் தோன்றினார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் வரம் கேட்டிருப்பார்கள். இவருக்குப் பயம் வந்தது. இத்தனை பேர் பார்க்கும் இடத்தில் இப்படி வந்து நிற்கிறாரே, கண்பட்டுவிடுமே என்று பதறினார். யானையின் மணியையே தாளமாகக் கொண்டு, காக்கும் கடவுளுக்குக் காப்புப் பாடினார். அதுதான் திருப்பல்லாண்டு. 12 பாசுரங்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அழிவற்ற பரம்பொருள் எதுவென்று சற்றுமுன் சபையில் வாதிட்டு வென்றவரே அவர்தான். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இந்த முரணை நேராக எதிர்கொள்கிறார். மற்றவர்கள் தங்களைக் காக்க ஈசுவரனை நம்பியிருக்க, இந்த ஆழ்வார் ஈசுவரனைக் காப்பதையே தம் தொழிலாகக் கொண்டார் என்பது அவர் கணிப்பு. அறிவு குறைந்ததால் வந்த அச்சமாக அவர் அதைக் காணவில்லை. அன்பு முதிர்ந்து அறிவை மூடிவிட்ட நிலை அது. இந்த நிலைக்கு வைணவம் வைத்த பெயர் பரிவு. கலெக்டராகிவிட்ட மகள் வீட்டுக்கு வந்தால், 'சாப்பிட்டாயா, இளைத்துப் போய்விட்டாயே' என்றுதான் தாய் கேட்பாள். மகளின் அதிகாரம் தாய்க்குத் தெரியாமலில்லை.

பிள்ளை லோகாசாரியரே நவவித சம்பந்தம் என்ற நூலில், கடவுளுக்கும் உயிருக்கும் உள்ள ஒன்பது உறவுகளை எடுத்துச் சொல்கிறார். தந்தை – மகன், காப்பவன் – காக்கப்படுபவன், கணவன் – மனைவி, உடையவன் – உடைமை, உயிர் – உடல் என்று போகும் அந்த வரிசை. எல்லாவற்றிலும் கடவுள் மேலே, உயிர் கீழே. ஸ்ரீவில்லிபுத்தூர் வாசலில் நடப்பது இந்த வரிசையில் எதற்குள்ளும் அடங்கவில்லை. அங்கே மனிதன் தகப்பன், பூமிப்பிராட்டியின் அவதாரம் என்று போற்றப்படுபவள் மகள், பரம்பொருள் மாப்பிள்ளை. கோட்பாடு ஒன்பதோடு நின்றுவிட்டது. சடங்கு பத்தாவதாக ஒன்றைச் செய்து காட்டுகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மனிதர் கொடுப்பதைக் கடவுள் எதிர்பார்த்து நின்றால் அது எப்படிக் கடவுளாகும் என்ற மறுப்பு வலுவானது. வைணவத்தின் விடை அர்ச்சாவதாரக் கொள்கையில் இருக்கிறது. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று இறைவனின் ஐந்து நிலைகளில் கடைசியான அர்ச்சையில், அவன் நீராடுவதும் உண்பதும் உறங்குவதும் அடியவன் கையில் இருக்கின்றன. குறையால் வந்த சார்பு என்று இதை ஆசாரியர்கள் கொள்வதில்லை. தானாக விரும்பி ஏற்றுக்கொண்ட சார்பு இது. கொடுக்க மட்டும் தெரிந்தவனிடம் யாரும் நெருங்க முடியாது. வாங்கிக்கொள்ளவும் தெரிந்தவனிடம்தான் உறவு பிறக்கும். ஐந்து நிலைகளிலும் குணங்கள் நிறைந்து விளங்குவது அர்ச்சையில்தான் என்று அவர்கள் உறுதியாகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

பனிக்காலத்தில் தெய்வம் வீடு தேடி வருவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் போசாதா என்ற விழா நடக்கிறது. தங்குமிடம் என்பது அந்தச் சொல்லின் பொருள். கருவுற்ற மரியாளும் சூசையும் பெத்லகேமில் இடம் தேடி அலைந்ததை நினைத்து, மக்கள் மெழுகுவர்த்தியோடு கதவு கதவாகத் தட்டிப் பாடுவார்கள். உள்ளேயிருப்பவர்கள் இடமில்லை என்று பாட்டிலேயே மறுப்பார்கள். கடைசியில் ஒரு கதவு திறக்கும். பிறகு சாப்பாடும் கொண்டாட்டமும். அங்கே தெய்வம் யாரென்று தெரியாத அந்நியராக வருகிறது. கதவைத் திறப்பவரின் கருணைக்கு அது சோதனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சோதனை எதுவுமில்லை. கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, காயும் வாங்கியாகிவிட்டது. அந்நியரிடம் தெய்வத்தைக் காண்பது அறம். தெய்வத்தை வீட்டுப் பெண்ணாகவே காண்பது அதற்கும் அடுத்த படி என்று வைணவம் கொள்ளும்.

உறவில் வருவதும் போவதும் இருபுறமும் நடக்க வேண்டும். ஆண்டாள் அழைக்கப்படுபவளாக மட்டும் இருக்கவில்லை, அழைப்பவளாகவும் இருந்திருக்கிறாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக அவள் நேர்ந்துகொண்டதை, சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இராமானுசர் நிறைவேற்றி வைத்தார். அது முடிந்து அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, அர்ச்சை வடிவிலிருந்த ஆண்டாள் முன்னே வந்து 'அண்ணா' என்று எதிர்கொண்டாள் என்கிறது மரபு. தங்கையின் நேர்த்தியை முடித்து வைப்பவன் அண்ணன்தானே. அன்றுமுதல் இராமானுசருக்குக் கோயில் அண்ணன் என்று பெயர். மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லி என்று வைணவக் கோயில்களிலும் வீடுகளிலும் நெய் வழிய அக்காரவடிசில் வைக்கிறார்கள்.

பச்சை பரத்தலில் தொடங்கிய வருகை, மார்கழியின் கடைசி நாட்களில் எண்ணெய்க்காப்பில் நிறைவு பெறுகிறது. எட்டு நாட்கள் ஆண்டாள் திருமுக்குளக் கரையில் இருக்கும் எண்ணெய்க்காப்பு மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாள். அங்கே அவள் கூந்தலைக் கோதி, சிக்கெடுத்து, தைலம் சாத்தி, சீவிக் கொண்டையிட்டுப் பூச்சூட்டுகிறார்கள். திருமஞ்சனம் அதற்குப் பிறகுதான். தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைத் திண்ணையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அதே வரிசை. கடவுளின் கூந்தலிலும் சிக்கு விழும் என்று நம்பி, வலிக்காமல் மெல்ல எடுத்துவிடும் அந்த விரல்களே பரிவு என்ற சொல்லுக்குச் சரியான உரை.

அந்தத் தைலம் நல்லெண்ணெய், பசும்பால், நெல்லிக்காய், இளநீர், தாழம்பூ உள்ளிட்ட 61 வகைப் பொருட்களைச் சேர்த்து 40 நாட்கள் காய்ச்சப்படுகிறது. விழா முடிந்த பின் அதைப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். நோய் தீர்க்கும் மருந்தென்று நம்பி, வந்தவர்கள் அதை வீட்டுக்கு வாங்கிச் செல்கிறார்கள்.