தெரிந்தவரும் தெரியாதவரும்

"அங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" வேலை மாற நினைக்கும் இளைஞர் நம்மிடம் முதலில் கேட்பது இதுவே. தெரிந்தவர் மூலம் வேலை பெறுவது முறையா என்று மனச்சாட்சியோடு கேட்பாரும் உளர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர், பொஸ்ரன் நகரை அடுத்த நியூற்றனில் புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்து, 1973ஆம் ஆண்டு கட்டுரையொன்று வெளியிட்டார். அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றோருள், அடிக்கடி சந்திப்பவரால் பெற்றவர்கள் 100க்கு 17 பேர் மட்டுமே. ஏனையோருக்கு உதவியவர் எப்போதாவது காண்பவரே. காரணம் எளிது. உற்றார் அறிந்ததை நாமும் அறிவோம். தூரத்து அறிமுகத்தாரே புதிய செய்தி கொண்டு வருவர். லிங்க்ட்இன் என்னும் தொழில்சார் இணையத்தளத்தில் 2 கோடி பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வும், ஓரளவு அறிமுகமானவரே வேலை மாற அதிகம் உதவுவதாகக் கண்டது.

அப்படியாயின் வன்னி மக்களின் நிலை என்ன? 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2009 மேயில் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. இழந்த வீட்டையும் வயலையும் தோணியையும் கணக்கிட்டோம். பழைய ஆசிரியர், முன்னாள் முதலாளி, அயலூர் நண்பர் என்னும் அறிமுகங்கள் அறுந்து போனதைக் கணக்கிட்டவர் யார்? கொழும்புப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் ஒரே சான்றிதழ் இருக்கலாம். செய்தி சொல்ல ஆள் இருவருக்கும் உண்டா?

ஆகவே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வெற்றிடம் உண்டென்று சொல்வதும், ஒருவரின் நேர்மையையும் திறமையையும் அறிந்தபடி எடுத்துரைப்பதும் நற்செயல். தகுதியுள்ளவரைத் தள்ளிவிட்டு நம்மவரை நுழைப்பதோ களவு. பிறர் பிள்ளையின் சோற்றைப் பறிப்பது. ஆனால் களவு செய்யாதிருந்தால் மட்டும் போதுமா? செய்தியை நம் வீட்டுக்குள் பூட்டி வைப்பதும் குறையே. திராட்சைத் தோட்ட உவமையில் பொழுது சாயும்வரை சந்தையில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் அழைக்கவில்லை.

கந்தோர்களிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோரே, புலம்பெயர்ந்து வாழ்வோரே, உங்கள் இடத்தில் ஒரு வெற்றிடம் வரும்போது வீட்டாருக்குச் சொல்லுங்கள், தவறில்லை. அத்தோடு, உறவல்லாத ஒரு பிள்ளைக்கும் சொல்லுங்கள். யாரையாவது தெரியுமா என்று கேட்கக்கூட ஆளில்லாத பிள்ளை உங்கள் அயலிலேயே இருக்கலாம்.