கையால் வரைந்த வீடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரில் வீடிழந்தவர்களிடம் ஒன்றைக் கேட்டார்: விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள். அவர்கள் வரைந்த கோடுகள், அவர்கள் சொன்ன கதைகள், அதே வீட்டுக்குக் கட்டடக் கலைஞர் ஒழுங்காகத் தீட்டிய வரைபடம், சனாதனனின் ஓவியம் என எல்லாம் சேர்ந்து 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூலாயிற்று. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. அரசின் கணக்குப் புத்தகத்தின் பெயரை எடுத்து, எந்தக் கந்தோரும் பதியாததை அதில் பதித்திருக்கிறார்.

எனக்கு அந்த முதல் கோடுகள்தான் பெரிது. அளவு பிசகலாம், சுவர் வளையலாம். ஆனால் விறாந்தை எங்கே முடிந்தது, குசினியிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு, எந்த மரத்தடியில் பின்னேரம் கூடி இருந்தார்கள் என்பது குடியிருந்தவரின் கைக்குத்தான் தெரியும். பரம்பரைச் சொத்து என்றால் நகையையும் உறுதிப்பத்திரத்தையும் தேடுகிறோம். இந்த அறிவையும் சொத்தாகக் கொண்டதால்தான் அந்த நூலை இத்தனை மதிக்கிறேன்.

உங்கள் வீட்டு மூத்தவரிடம் இன்று ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். பிறந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். வரையும்போது அவர் சொல்வதைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதியும் ஊரும் போட மறக்காதீர்கள்.