பார்வை யாருக்குரியது?

பார்வை மனிதனின் செயலா, அன்றி அவனுள் நிகழும் ஒரு நிகழ்ச்சியா? விழியசைவை அளக்கும் கருவிகள் இவ்வினாவை ஆய்வுகூடத்திலிருந்து அறவியலின் களத்துக்குக் கொணர்ந்துள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எட்மண்ட் ஹியூயி என்பார், வாசிப்போரின் விழிமேற் சாந்தினாலான சிறு கிண்ணமொன்றைப் பொருத்தி, அதனோடிணைந்த ஊசியால் அசைவைப் பதிவு செய்தார். 1901 இல் டொட்ஜ், கிளைன் ஆகிய இருவரும், விழியிற் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் புகைப்படத் தட்டிற் பதித்துத் தொடாமலே அளந்தனர். இன்றோ மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் அமைந்த சிறு கமராக்கள், செங்கீழ்க் கதிர் விழியில் தோற்றுவிக்கும் ஒளிப்புள்ளியையும் கண்மணியின் நிலையையும் ஒப்பிட்டு நோக்கின் திசையைக் கணிக்கின்றன.

தொடாமை வளர்ச்சியென்றே தோன்றும். ஆயினும் தொடுகைக்கு ஓர் ஒழுக்கப் பயன் இருந்தது. கண்ணிற் கருவி தாங்கியவன் தான் அளக்கப்படுவதை ஒரு கணமும் மறந்திலன். இன்று நோவு அகன்றது. அதனோடு அறிவிப்பும் அகன்றது.

அளக்கப்படுவதோ அற்பமானதன்று. சோவியத் ஆய்வாளர் அல்பிரெட் யார்பஸ், ரெப்பினின் ஓவியமொன்றைக் காட்டி, அதிலுள்ளோரின் வயது யாது, குடும்பத்தின் செல்வநிலை யாது என வெவ்வேறு வினாக்களை எழுப்பியபோது, ஒருவரது விழியே வெவ்வேறு பாதைகளிற் சென்றது. விழியின் பாதையில் எண்ணத்தின் சுவடு உண்டு. செக்கனுக்கு மூன்று நான்கு முறை தாவும் விழியின் சுவட்டை, அதற்குரியவனே முழுதும் அறியான்.

நண்பனும் நம் கண்ணைப் படிக்கின்றானே எனலாம். உண்மை, ஆனால் அவன் நோக்குவதை நாமும் நோக்குகின்றோம். கருவியிடத்து இந்த எதிர்நோக்கு இல்லை.

இதனாற் கருவியையே கடிதல் தகாது. உடல் முழுதும் செயலிழந்த நோயாளி, எழுத்துக்களைக் கண்ணால் ஒவ்வொன்றாகத் தெரிந்து வாக்கியம் அமைக்கின்றார். அங்கே பார்வை பேச்சாகின்றது. கருவி அவருக்குக் குரலாகின்றது. விற்பனைப் பண்டத்தை நோக்குபவனின் விழியைப் பதிந்து அவனது ஆசையை ஊகிக்கும்போதோ, அதே பார்வை அவனைப்பற்றி அவனறியாது பெறப்பட்ட சாட்சியாகின்றது.

அவன் சம்மதித்து ஒப்பமிட்டானே என்பது போதிய விடையன்று. தன்னிடம் உள்ளதென்று தானே அறியாத ஒன்றை ஒருவன் எங்ஙனம் மனமுவந்து அளித்தல் கூடும்? எனவே, அணிந்தவன் கருதிய பயனுக்கு வேண்டிய அளவே பதிவுகள் கொள்ளப்படல் வேண்டும். எஞ்சியவை அழிக்கப்படல் வேண்டும். இக்கருவிகளை ஆக்குவோரும் ஆய்வுக்குப் பயன்படுத்துவோரும் இவ்வெல்லையைத் தாமே முதலில் ஏற்றல் கடனாகும்.