அறிவிக்க அறிதல்

சிவமயம்

வானத்தில் உள்ளனவெல்லாம் கண்ணுக்குப் புலனாவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. கண்ணுக்கு எதிர்ப்பட்டனவெல்லாம் அறிவிற்குப் புலனாவதில்லை என்பதோ பலரும் ஆராயாதது. ஆன்மா அறிவித்தால் அறிவதன்றித் தானே அறியமாட்டாது என்னும் சித்தாந்தத் துணிபு இப்பின்னையதனைப் பற்றி நிற்பது. 2023-ஆம் ஆண்டில் வானநூல் ஆர்வலரிடையே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அத்துணிபிற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாதல் கண்டு, அதனை ஈண்டு அன்பர்கள் சிந்தனைக்கு வைக்கின்றாம்.

சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டன் எனப்படும் விண்மீனையும், அதனை அணுகி நிற்கும் அருந்ததியையும் நம்மவர் நன்கறிவர். வசிட்டனோடும், அம்மண்டலத்தின் வால்முனையில் நிற்கும் மரீசியோடும் ஏறக்குறைய ஒரு முக்கோணமாக அமையும் இடத்தில், மங்கலானதொரு விண்மீன் திரள் உளது. 1781-இல் பியர் மெஷேன் என்னும் பிரெஞ்சு வானநூலார் அதனைக் கண்டார். மெசியே என்பவரின் பட்டியலில் அது 101-ஆவதாக எண்ணப்பட்டது. ஒரு நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியானது அத்திரளினின்று நம்மை வந்தடைய ஏறக்குறைய 2 கோடியே 10 இலட்சம் ஆண்டு ஆகும். இத்துணைச் சேய்மையதாயினும், விண்மீன் திரள்களின் அளவு நோக்க இஃது அண்மையதே என்பர்.

2023 மே 19-ஆம் நாள், ஜப்பான் நாட்டவரும், இப்பணியை ஊதியத்திற்காக அன்றி ஆர்வத்தாலேயே செய்துவருபவருமாகிய கோயிச்சி இத்தாகாக்கி என்பார் அத்திரளைப் படம் பிடித்து நோக்கியவழி, அதன் சுருட்கை ஒன்றில் முன் இல்லாததோர் ஒளிப்புள்ளி இருத்தலைக் கண்டு அறிவித்தார். அது சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு. வெறுங்கண் ஆறாம் தரத்து மீன் வரையே காணவல்லது. இப்புள்ளியோ சில நாட்களில் பதினோராம் தரத்து ஒளியை எட்டிற்று. ஆகவே சிறு தொலைநோக்கி உடையாரும் பல நாடுகளில் இரவுதோறும் அதனைக் காண்பாராயினர். அவர் கண்ட முறையும் நமக்குப் புதிதன்று. வசிட்டனை முதலிற் பற்றி, அதனை அடுத்த சிறு மீன்களின் நிரை வழியே சென்று, திரளை அடைந்து, பின்னர் அப்புள்ளியைக் கண்டனர். பருப்பொருளைக் காட்டி நுண்பொருளை உணர்த்தும் தூலாருந்ததி நியாயம் என நம் நூலார் கூறுவது, அவ்வருந்ததியின் அருகிலேயே இங்ஙனம் நிகழ்ந்தது.

இவ்வெடிப்பு யாது எனின், ஞாயிற்றினும் எட்டு மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடையதொரு விண்மீன், தன் அகட்டில் எரிதற்குரியவெல்லாம் எரிந்து இரும்பாக முடிந்தபின், தன் பாரத்தைத் தாங்கும் வெம்மை பிறவாமையின், அகம் இடிந்து வீழப் புறம் சிதறி அழிதலாம். 1572-இல் விண்மீன் வெடிப்பொன்றைக் கண்ட டைக்கோ பிராகி அதனைப் புதிய விண்மீன் என்றே வழங்கினார். பிறப்பெனத் தோன்றியது மெய்யாக இறப்பே.

ஈண்டு ஒன்று கூறுதும். தோன்றி நின்று அழிவது உலகு என்றும், அழிப்பவனே தோற்றத்திற்கும் முதல்வன் என்றும் மெய்கண்டதேவர் முதற்சூத்திரத்து நிறுவினார். அதனைப் பற்றி, இவ்வெடிப்பு சைவத்தை மெய்ப்பித்துவிட்டது எனச் சிலர் மேடையில் முழங்குதல் கூடும். அது பொருந்தாது. விண்மீன்களும் காரியப் பொருள்களே, என்றும் உள்ளன அல்ல என்னும் அளவே இக்காட்சியாற் பெறப்படும். சங்காரமாவது தத்துவங்கள் தத்தம் காரணத்தில் ஒடுங்குதல். ஈண்டு நிகழ்ந்ததோ ஒரு பூதப்பொருள் வேறொரு பூதப்பொருளாய்ச் சிதறுதல். கருவி காட்டாததைக் காட்டியதாகக் கூறுவது கருவிக்கும் இழுக்கு, நூலுக்கும் இழுக்கு.

இனி, யாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவாம். இத்தாகாக்கி அறிவித்தபின், பிற ஆர்வலர் பலர் தாம் முன்னரே எடுத்து வைத்திருந்த படங்களை மீண்டும் எடுத்து நோக்கினர். நோக்கியபோது, அவர் கண்டுபிடித்ததற்கு முந்திய சில மணி நேரங்களில் எடுக்கப்பட்ட படங்களிலும் அப்புள்ளி மங்கலாய் நின்றது! ஒளி அவர்தம் கருவியுட் புகுந்தது, படத்திற் பதிந்தது, அவர்தம் இல்லத்திலேயே இருந்தது. ஆயினும் அவர் அதனை அறிந்திலர். ஒருவர் அறிவித்தபின்னரே, தம்மிடத்து இருந்ததனைத் தாம் அறிந்தனர்.

அன்பர்காள்! இதனைச் சிறிது நின்று எண்ணுமின். அறிவித்தவர் அவ்வொளியைப் பிறிதோரிடத்தினின்று கொணர்ந்து தந்தாரா? இல்லை. அவர் தந்தது நோக்கம் ஒன்றே. அதுபோலவே, இறைவன் உயிரோடு அநாதியே கலந்து நிற்பவன். குரு அவனைப் புதிதாகக் கொணர்வதில்லை. வேடரிடை வளர்ந்த அரசிளங்குமரன், தந்தை வந்து உணர்த்தும் வரை தன்னை வேடன் என்றே எண்ணியிருந்தான். உணர்த்தியபின் அவனுக்கு அரச குலம் புதிதாய் வந்ததன்று, இருந்ததே விளங்கிற்று. எட்டாம் சூத்திரத்தின் உள்ளுறை இதுவே.

அற்றேல், இத்தாகாக்கி தாமே கண்டனர் அன்றோ? அங்ஙனமே உயிரும் தானே காணலாகாதோ எனின், ஆகாது. அவரும் தாமே கண்டாரல்லர். முன்னர் எடுத்த படத்தோடு ஒப்பிட்டமையின், அப்படம் அறிவிக்க அறிந்தார். கண்ணுக்குக் கதிரொளியும், அதற்குமேல் உயிரறிவும் உடன்நின்று காட்டினாலன்றிக் காட்சி நிகழாமைபோல, உயிருக்கும் இறைவன் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவினாலன்றி அறிவு நிகழாது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனப் பெரியோர் வகுத்த இரண்டும் இவையே.

அற்றேல் உயிரின் முயற்சி வேண்டாவோ எனின், வேண்டும். ஆஸ்திரேலிய நாட்டில் வாழ்ந்து 2022-இல் மறைந்த இராபர்ட் எவன்ஸ் என்னும் கிறித்தவ சமய குரு, நூற்றுக்கணக்கான விண்மீன் திரள்களின் தோற்றத்தை நெஞ்சிற் பதித்து, தொலைநோக்கியிற் கண்வைத்தே நாற்பதுக்கு மேற்பட்ட விண்மீன் வெடிப்புகளைக் கண்டார். பல்லாண்டு இரவுகளில் புதிது ஒன்றும் காணாது நோக்கிய பழக்கமே, புதிது வந்தபோது அதனை அறியும் தகுதியை அவருக்குத் தந்தது. சரியை, கிரியை, யோகங்களும் இத்தகையவே. அவை ஞானத்தை உண்டாக்குவன அல்ல. அது வருங்கால் ஏற்றற்குரிய பக்குவத்தை ஆக்குவன.

பின்னும் ஒரு நுட்பம் உளது. ஆர்வலரின் அம்முந்திய படங்களையும் துணைக்கொண்டு செய்த ஆய்வொன்று 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அவ்விண்மீன் தூசிப் போர்வையால் மூடப்பட்டிருந்தமையின் அதன் ஒளி முதற்கண் செந்நிறமாய்த் தோன்றிற்று என்றும், வெடிப்பின் பேரொளி அத்தூசியை அழித்தமையின் சில மணி நேரத்தில் நீலநிறம் உற்றது என்றும் அது கூறும். இதனை மலநீக்கத்திற்கு உவமையாக்க மனம் விழையும். ஆயின் அளவறிந்து கொள்க. தூசி அழிந்தது, ஆணவ மலமோ அழிவதன்று, அதன் சத்தியே மடங்குவது. உவமை ஒருபுடை ஒப்புமையே.

யாம் சிவஞானபோதத்தை இளமையிற் பாடங்கேட்டு, பின்னர் நாற்பது ஆண்டிற்கு மேலாகப் பிறர்க்குப் பாடஞ்சொல்லி வருகின்றோம். சூத்திரமும், வார்த்திகமும், உதாரண வெண்பாவும் எம் நாவில் நிற்கின்றன. ஆயினும், அப்படங்களை வைத்திருந்தோர் கதையைக் கேட்டபோது எம் உள்ளம் நாணிற்று. பதிந்திருத்தல் வேறு, கண்டிருத்தல் வேறு அன்றோ? நாவிற் பதிந்த நூல், இரவெல்லாம் ஒளியை ஏந்தியும் அதனை அறியாத படத்தை ஒத்தது. அதனைத் திறந்து, இதோ இங்கே என்று காட்டும் ஆசிரியன் திருவடியை அடைந்து, அவன் காட்டிய வழி நோக்குதலே எஞ்சியுள்ளது.

அவ்வெடிப்பின் ஒளி சில திங்களில் மங்கிற்று. காணவேண்டியவர் அது நின்ற காலத்திற் கண்டனர். நம் உடம்பும் அத்தகையதே. கருவிகரணங்கள் தளராதிருக்கும்பொழுதே, அறிவிப்பாரை அடைந்து, நம்முள் முன்னரே நிற்கும் ஒளியை நோக்குவோமாக.

திருச்சிற்றம்பலம்