கூழின் புளிப்பும் பெயரின் நேர்மையும்

ஓர் உணவை மாற்றிச் சமைப்பது அறத்தைச் சார்ந்த வினாவா? ருசியைப் பற்றியது, விலையைப் பற்றியது என்று பலர் இதை ஒதுக்கிவிடுவர். ஆயினும் பெருநகர உணவகங்களின் பட்டியலில் 'பாரம்பரியக் கம்பங்கூழ்' என்னும் பெயரைக் காணும்போது, அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் பகுதியைச் சார்ந்த நமக்குப் பெருமையோடு ஒரு சங்கடமும் எழுகிறது. அச்சங்கடம் வெறும் ஊர்ப்பாசந்தானா, அதில் நியாயம் ஏதும் உண்டா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

வானம் பார்த்த பூமி நம்முடையது. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கண்மாய்களும், கண்மாய்களை நம்பி நாமும் வாழ்கிறோம். நெல் விளையாத மேட்டு நிலங்களில் கம்பும் குதிரைவாலியும் சோளமுமே நம் முன்னோரைக் காத்தன. கம்பில் நீர் தெளித்து உரலிலிட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து உமியை நீக்கி, மீண்டும் குத்திக் குருணையும் மாவுமாக்கி, உலையிலிட்டுக் கிண்டி இறக்குவார்கள். ஆறியதும் உருண்டைகளாக்கிப் பானை நீரில் இரவு முழுவதும் ஊறவிடுவார்கள். விடியற்காலையில் அது இலேசாகப் புளித்திருக்கும். மோர் விட்டுக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ சீனியவரைக்காய் வற்றலோ வைத்துக்கொண்டு, ஒரு கும்பா குடித்துவிட்டுக் காட்டுக்குச் சென்றவருக்கு உச்சிவேளை வரை பசி தெரியாது.

உணவகத்துக் கூழோ வேறு. கடையில் வாங்கிய மாவு, அழுத்தக் கொப்பரையில் அரை மணி நேரம், புளிப்புக்குத் தயிர், அழகுக்குத் துருவிய கேரட், மேலே மாதுளை முத்துகள். சிறிய மண்கலயத்தில் வைத்து, உணவுக்கு முன் பசியைத் தூண்டும் பானமாகத் தருகிறார்கள். பசியைத் தாங்குவதற்கென்று பிறந்த ஒன்று பசியைத் தூண்டும் வேலைக்கு வந்திருப்பது சற்று வேடிக்கைதான்.

மாறுவதே தவறு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை எண்ணிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் கோதுமை வயல் ஏது? ஆலையிலிருந்து வந்த மைதாவை நம்மவர் தம் கைப்பக்குவத்தால் தமதாக்கிக் கொண்டனர். இன்று அதை நம் ஊர்ப் பண்டம் அல்ல என்று சொன்னால் சண்டைக்கு வருவோம். ஆகவே பழமை ஒன்றே அளவுகோல் அன்று. இத்தாலியில் பொலோனா நகரின் புகழ்பெற்ற இறைச்சிக் குழம்பு எங்கெங்கோ உருமாறுவதைக் கண்டு, அந்நாட்டுச் சமையற்கலைக் கழகம் 1982ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அதன் செய்முறையை அந்நகர வணிகர் மன்றத்தில் முறைப்படி பதிவு செய்தது. அதே கழகம் 2023இல் அதைத் திருத்திப் பதியவும் செய்தது. காவலர்களே கதவைச் சற்றுத் திறந்து வைத்தார்கள் என்க. நம் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பானையில் ஊறும் கூழுக்கு எந்தப் பதிவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உணவகங்கள் கூழை மாற்றுவதற்கு நெடுநாள் முன்பே நம் அடுப்படிகள் அதைக் கைவிடத் தொடங்கியிருந்தன. நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் கிடைத்தபோது, கம்பு குத்தும் ஓசை ஏறத்தாழ நின்றே போயிற்று. அதற்காக எவரும் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. அந்த ஓசைக்குப் பின்னால் நம் தாய்மாரின் தோள்வலி இருந்தது. காய்த்துப்போன உள்ளங்கைகள் இருந்தன. கூலிவேலை முடித்துத் திரும்பிய பெண், விளக்கு வைத்தபின் உலக்கை பிடித்தாள். 'அசல் முறைப்படி' வேண்டும் என்று மின்விசிறியின் கீழ் அமர்ந்து கேட்பவர், யாருடைய கையால் அந்த அசல் உருவாயிற்று என்பதையும் கேட்டாக வேண்டும். எனவே அரைவை இயந்திரத்தைக் குறைகூற நமக்கு மனமில்லை.

அப்படியாயின் எதைக் குறை கூறுகிறோம்? அரிஸ்டாட்டில் வகுத்து, புனித தோமா அக்குவினாஸ் ஏற்றுக்கொண்ட ஒரு பாகுபாடு இங்கே உதவும். எப்பொருளையும் அறிய, அது எதனால் ஆனது, எவ்வடிவுடையது, யாரால் ஆக்கப்பட்டது, எதன்பொருட்டு என்று நான்கு வகையில் கேட்க வேண்டும். செய்யும் கையும் கருவியும் மாறலாம். நோக்கங்கூட மாறலாம், உழைப்பாளியின் உணவை நோயாளியோ நகரவாசியோ விரும்பி உண்பதில் தவறென்ன? ஆனால் கூழைக் கூழாக்குவது அந்த இரவு. நீரில் ஊறும்போது நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்கச் செய்கின்றன. கம்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் பொருள் அதனால் குறைகிறது. தயிரைக் கலந்தால் நாவுக்குப் புளிப்பு கிடைக்கும், கம்பு புளித்ததாகாது. நடவாத ஒன்றுக்கு அந்தப் புளிப்பு சாட்சி சொல்கிறது. பொய்ச்சாட்சி வாயால் மட்டுமே சொல்லப்படுவதன்று.

உணவகத்தார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கம்பில் கொழுப்பு மிகுதி. அரைத்த மாவு சில நாள்களிலேயே கசக்கத் தொடங்கும். அன்றன்று குத்தியது பக்தியால் அன்று, வேறு வழியில்லாமையால்தான். மாதக்கணக்கில் கெடாத மாவு வேண்டுமானால் சூடேற்றவோ கருவை நீக்கவோ செய்கிறார்கள். வணிகத்துக்கு அது தேவையாக இருக்கலாம். அதற்குக் 'கம்புத் தயிர்ப்பானம்' என்று பெயரிட்டு, கேட்கும் விலையை வாங்கிக் கொள்ளட்டும், நமக்கு மறுப்பில்லை. பாரம்பரியம் என்ற சொல்லைச் சேர்த்து அச்சொல்லுக்கும் விலை வாங்கும்போதுதான், உண்பவருக்கும் அப்பெயரை உண்டாக்கியவருக்கும் ஒருசேர அநீதி நேர்கிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் இந்தப் பெயர்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. மானாவாரியில் கம்பு விதைப்பவருக்கு அதில் பங்கு எவ்வளவு என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.

கோடையில் நம் சாலையோரங்களில் தள்ளுவண்டியில் கூழ் விற்பார்கள். அவர்களும் உரலில் குத்துவதில்லை, இயந்திரத்தில்தான் அரைக்கிறார்கள். எனினும் முதல்நாள் மாலையே உருண்டைகளை நீரில் போட்டுவிடுகிறார்கள். நண்பகலுக்குள் பானை காலியாகிவிட்டால், எவ்வளவு கூட்டம் நின்றாலும் மறுநாள் காலையில் வரச்சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.