பசித்தவன் வைத்த கைநாட்டு

அய்யா துணை



பசியால் துடிக்கிற ஒருவன் முன்னால் ஒரு கையில் சோற்றையும் மறு கையில் பத்திரத்தையும் நீட்டினால், அவன் வைக்கிற கைநாட்டு சம்மதம் ஆகுமா? "அவனே ஒப்புக்கொண்டுதானே வந்தான்" என்று சொல்லிவிட்டால் பாவம் தீர்ந்துவிடுமா? லட்சக்கணக்கான ஏழைகளின் வாழ்வில் நடந்து முடிந்த காரியம் இது. ஆகவே தர்மம் அறிய விரும்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1834-ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் கரும்புத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தோட்டத்துக்கு வேறு ஆள் வேண்டுமே! அதே ஆண்டிலேயே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை மொரீசியஸ் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். பின்னர் கயானா, டிரினிடாட், நேட்டால், பிஜி என்று அது வளர்ந்தது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-க்குள் நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார்.

சட்டத்தைப் பார்த்தால் குறை தெரியாது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். அதிகாரி முன் நிறுத்தி, "சம்மதமா?" என்று கேட்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அவனும் தலையாட்டினான், கைநாட்டு வைத்தான். ஆனால் அக்கரையில் இறங்கிய பின் வேலையை விட்டு விலகினால் அது குற்றம். சிறைக்குப் போக வேண்டும். மொரீசியஸில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். வரும்போது கேட்ட சம்மதத்தைப் போகும்போது எவரும் கேட்கவில்லை.

அவன் ஏன் தலையாட்டினான்? வயிறு ஆட்டிவைத்தது. 1876 முதல் 1878 வரை நம் முன்னோரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்தது மெய்தான். ஆனால் மழை மட்டும் மக்களைக் கொல்லவில்லை. தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டோம் என்று அரசு இருந்தது. விலை ஏழைக்கு எட்டாத உயரம் போனது. பஞ்சம் நடந்த காலத்திலேயே இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்துப் பெரிய தர்பார் நடந்தது. அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். கல்லுடைத்து மண் சுமக்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் குறைத்தார். இதை உண்டு உழைத்தால் மனிதன் பிழைக்க மாட்டான் என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பிறகே அளவு கூடியது. அதற்குள் எத்தனையோ உயிர் போய்விட்டது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மாண்டவர் 50 லட்சத்துக்கும் மேல்.

இப்போது நியாயம் விளங்கும். சோற்றை அளந்து குறைத்ததும் அதே அரசு. ஆள் பிடிக்கும் தரகருக்கு அனுமதி கொடுத்ததும் அதே அரசு. கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து, "ஐந்து வருஷம் உழைக்கிறாயா, கயிறு போடுகிறேன்" என்று கேட்பதற்குப் பெயர் ஒப்பந்தமா? "போனவர்கள் பிழைத்தார்களே, அவர்கள் பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். நன்றாக இருப்பது மெய். அது அவர்கள் முதுகெலும்பு தந்த வாழ்வு. அதைக் காட்டி, கயிற்றுக்கு விலை கேட்டவன் தன்னைத் தர்மவான் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தென் திருவிதாங்கூரில் கூலியில்லா ஊழியத்தில் நொந்த மக்களை நிமிரச் செய்தவர் அய்யா வைகுண்டர். அவர் வழியில் நடக்கிற பதிகளிலும் தாங்கல்களிலும் அன்னதர்மம் எப்படி நடக்கிறது? நீ யார், என்ன வேலை செய்வாய், எப்போது திருப்பித் தருவாய் என்று இலை முன் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேளாமைதான் தர்மம். சோற்றோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் அது வியாபாரமாகிவிடும். பசித்தவனிடம் செய்கிற வியாபாரம் கொடுமையாகிவிடும்.

கப்பல் கதை 1917-இல் ஆள் எடுப்பதை நிறுத்தியதோடு முடிந்தது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1920-இல் ரத்தாயின. ஆனால் கைநாட்டு முடியவில்லை. மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு செங்கல் சூளையில் அடைபட்டுக் கிடப்பவர்கள் இன்றும் உண்டு. 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தும் முன்பணம் என்ற கயிறு அறவில்லை. வடநாட்டிலிருந்து வேலை தேடி வந்த பிள்ளைகளின் ஆதார் அட்டையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிற முதலாளிகளும் உண்டு.

ஆகவே ஆளை வேலைக்கு வைக்கிற ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. வயிறு நிறைந்திருந்தால் இந்த மனிதன் இதே கூலிக்குச் சம்மதிப்பானா? நாளை போகிறேன் என்றால் கணக்குத் தீர்த்து மரியாதையாக அனுப்பி வைப்போமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் அது வேலை. முடியாவிட்டால், நெற்றியில் நாமம் துலங்கினாலும், பந்தியில் சோறு பரிமாறினாலும், அது பழைய கப்பலே.

அய்யா உண்டு.