நான்காவது கால்

மேசை மெய்யியலாளருக்குப் புதிய பொருளன்று. பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் 10ஆம் பகுதியில் கட்டிலையும் மேசையையுமே உதாரணமாகக் காட்டுகிறார். தச்சன் மூலவடிவத்தை நோக்கிப் பொருளைச் செய்கிறான். ஓவியனோ அப்பொருளின் தோற்றத்தைப் பிரதி செய்கிறான் என்பது அவர் கருத்து. கடந்த விடுமுறையில் வீட்டுப் பின்கொட்டிலில் அம்மானுடன் சேர்ந்து மேசைக்குக் கால் கடைந்தபோது, பிளேட்டோ கடைச்சல் இயந்திரத்தின் முன் நின்றிருப்பாரோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

வேப்பமரத்தில் நான்கு கால்கள். சதுரக் கட்டையின் இரு முனைகளிலும் மூலைவிட்டங் கீறி மையங் கண்டு, இயந்திரத்தில் இறுக்கிச் சுழலவிட்டு, முதலில் உருளையாக்க வேண்டும். பின்னரே குமிழும் பள்ளமும். சட்டம் பொருந்தவேண்டிய மேற்பகுதி மட்டும் சதுரமாகவே விடப்படும். முதற்காலைக் கடைகையில் என் உளி வழுக்கி, எண்ணியதிலும் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தது. அம்மான் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. மற்ற மூண்டிலயும் இதையே வெட்டு” என்றார். அக்காலையே மாதிரியாக வைத்து, காலிப்பரால் அளந்து அளந்து மற்றவற்றைக் கடைந்தோம். மூலவடிவம் விண்ணிலிருந்து இறங்கவில்லை. என் கை தவறியதிலிருந்து பிறந்தது.

நான்காவது காலில், வேறோரிடத்தில், உளி மீண்டும் வழுக்கியது. இம்முறை அது பிழை. மரத்துக்கு நேர்ந்தது ஒன்றே. முன்னையது வடிவம், பின்னையது குற்றம். அவ்வாறாயின் குற்றம் பொருளில் இல்லையா, வரிசையில்தான் உள்ளதா? இவ்வினாவை அன்று என் வசதிக்காகவே எழுப்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலின் வலிமை குறையவில்லை. மரத்தூளைப் பசையிற் குழைத்து அடைத்து, வார்னிஷ் பூசிச் சுவர்ப்பக்கமாக நிறுத்தினால் யார் காண்பார்? மேசையோ அயலிலுள்ள ஒரு மாணவியின் தாயாருக்கு விலைபேசப்பட்டிருந்தது.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் 6ஆம் நூலில் ஆக்கத்தையும் ஒழுகலாற்றையும் வேறுபடுத்துகிறார். கலையில் தெரிந்தே தவறுபவன் தெரியாது தவறுபவனினும் மேலானவன். ஒழுக்கத்திலோ தெரிந்தே தவறுபவனே கீழானவன் என்கிறார். இதன்படி என் வழுக்கல் கலைப்பிழை, அடைப்பு ஒழுக்கப்பிழை. ஆயின் இத்தீர்ப்பு எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை. வெடிப்பை அடைக்காத தச்சர் யார்? அடைப்பது தொழிலின் ஒரு பகுதியே. தீமை வேறிடத்தில் உள்ளது. நான்கு கால்களும் ஒரே வடிவின என்ற நம்பிக்கையை மேசை பார்ப்பவருக்குக் கொடுக்கிறது. முதற்காலைக் கடைகையில் நான் எவருக்கும் எவ்வுறுதியும் அளித்திருக்கவில்லை. நான்காவதற்கு வந்தபோது மூன்று கால்கள் எனக்காக உறுதியளித்துவிட்டிருந்தன. வரிசை முக்கியமாவது இதனாலேயே.

தாயார் வந்தபோது காலைத் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், விலையிற் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார். குறைத்தோம். அம்மானுக்கு இது பிடிக்கவில்லை. “சொன்னது சரி. ஆனா, வேறை கால் கடைஞ்சிருக்கலாமே” என்றார். அதற்கு வேண்டிய வேப்பங்கட்டை கொட்டில் மூலையிற் கிடந்தது. நானும் அதைக் கண்டிருந்தேன்.